முப்பத்தேழுக்குச் சொல்

மதியம் பன்னிரண்டே முக்கால். திருப்பாலைவனம் தாண்டி, பழவேற்காட்டுக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கிற வயல். ஒரு பேருந்து போய்விட்டது, அடுத்தது வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நீளமான சாலையில் ஒரே ஒரு பைக்...

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய்க் கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிதான் வேண்டுமா? இது முழுக்க முழுக்கப் பகலில் நடந்தது. தார் உருகுகிற வெயிலில். எனக்கு ராத்திரி பயம் கிடையாது. மதியம்தான் பயம்.

கரண்ட் வருகிற மாதிரி இல்லை, ஜெனரேட்டர்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். காலையில் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு எப்படியும் யாரும் தூங்கப் போவதில்லை. அந்த டார்ச்சை அணையுங்கள். எல்லாரும் ஜமக்காளத்துக்கு வந்துவிடுங்கள்... ம், அப்படி.

அந்த பைக்கில் போனவன் ஜெகதீஸ்வரன். என்னோடு நான்கு வருஷம் ஒரே கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன். ஜெகா என்போம். பிறகு வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று ஊருக்குப் போய்விட்டான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அப்பா துளசிங்கம், அம்மா இருசம்மாள், தம்பி தீனா. அப்பாவும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். பிடித்து வருவதைக் கூடையில் சுமந்துபோய் விற்பது அம்மா.

அன்று ஜெகா சென்னைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தான். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் விட்டிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறான். பையில் ஒரு லேன் கார்டு. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. கம்ப்யூட்டருக்குள் சொருகுவது, கேபிளை மாட்டுவதற்காக. திருப்பாலைவனம் தாண்டியதும் சாலையோரத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். தீனாவுக்குப் பிடிக்கும் என்று வண்டியை நிறுத்தினான். இளசாகப் பார்த்து வெட்டச் சொல்லி, பத்து நிமிஷம் நின்று வாங்கினான்.

அந்தப் பத்து நிமிஷத்தை அவன் இன்றைக்கும் சொல்வான்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். உங்களில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெகா வீட்டில் ஒரு மூலையில், சுருட்டி வைத்த வலைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் போட்டு சர்வராக வைத்திருந்தான். இரவு பகல் ஓடும். அந்த ஒன்றுக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள். பேய் இல்லை, பயப்படாதீர்கள். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. அந்தக் குடித்தனங்கள் ஒவ்வொன்றுக்கும் தெருவைப் பார்த்துத் தனி வாசல் வேண்டும் என்றால் அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிரிட்ஜ் என்று பெயர். அது இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண். வெளியே இருப்பவர்கள் அந்த எண்ணைச் சொல்லி நேராகக் கூப்பிடலாம். பிரிட்ஜ் கெட்டால், உள்ளே இருப்பது உயிரோடுதான் இருக்கும். வேலையும் செய்யும். ஆனால் வெளியே யார் கூப்பிட்டாலும் அதன் காதில் விழாது.

மூன்றில் இரண்டு ஜெகாவின் வேலைக்கு. மூன்றாவது, ஐம்பத்தொன்று என்ற எண்ணில் இருந்தது, தம்பிக்காக.

முகத்துவாரத்துப் பக்கம் செல்போன் டவர் சரியாகக் கிடைக்காது. படகு எப்போது வரும் என்று தெரியாமல் இருசம்மாள் கூடையை வைத்துக்கொண்டு கரையிலேயே வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் ஜெகா மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு, கடலைப் பார்த்தபடி ஒரு வைஃபை ஆன்டெனா மாட்டினான். படகு முகத்துவாரத்தை நெருங்கும்போது தீனாவின் போன் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். போனில் ஒரே ஒரு பக்கம். அதில் ஒரே ஒரு பட்டன். 'வந்துட்டேன்'. அதை அமுக்கினால் வீட்டில் மணி அடிக்கும். சாதாரண காலிங் பெல்தான், குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தீனாவின் போனில் பதில் வரும்: 'அம்மா வருது'. அவ்வளவுதான். குப்பத்துப் பையன்கள் ஓசியில் படம் பார்ப்பார்கள் என்று அந்த ஆன்டெனாவில் இணையத்தை ஜெகாவே பூட்டி வைத்திருந்தான். அந்த வழியாக அந்த ஒரு பட்டனைத் தவிர வேறு எதுவும் போகாது.

இரண்டு வருஷம் அந்தக் குருவி சரியாகக் கத்தியது.

உப்புக்காற்று இருக்கிறதே, அது எதையும் விடாது. கம்ப்யூட்டரின் கேபிள் மாட்டுகிற இடம் துருப்பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனது. வேலை நிற்கக் கூடாது என்று ஜெகா ஒரு சின்ன வைஃபை துண்டைச் சொருகி சமாளித்தான். ஆனால் வைஃபை மேல் பிரிட்ஜ் போட முடியாது. ஒருவன் பேரைச் சொல்லிக்கொண்டு நான்கு பேர் பேசினால் ரவுட்டர் ஏற்காது, தூக்கிப் போட்டுவிடும். அதனால் மூன்று குடித்தனங்களையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்தான். அவனுடைய வேலை ஓடியது. மணி மட்டும் அடிக்கவில்லை.

"மூணு நாள் பொறுத்துக்கோம்மா, கார்டு வாங்கியாந்து மாட்டிட்றேன்," என்றான்.

"மூணு நாள்தான, நான் கரையில போய் குந்திக்கிறேன்," என்றாள் இருசம்மாள்.

மூன்றாவது நாள் துளசிங்கத்துக்குக் காய்ச்சல். தீனா தனியாகப் போனான். "ரெண்டு வலதான் நைனா, பன்னண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். பதினோரு மணிக்குக் கரைக்குப் போன இருசம்மாள், காய்ச்சலில் கிடக்கிறவருக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தாள்.

ஜெகா வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. நுங்கை அம்மா கையில் கொடுத்தான். கார்டை முதலில் மாட்டலாமா, சோறா என்று ஒரு நொடி யோசித்திருக்கிறான். பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உட்கார்ந்தான். இருசம்மாள் சோறு போட்டாள்.

மூன்று மணிக்குத்தான் அவர்களுக்குப் பயம் வந்தது. நான்கு மணிக்கு ஆறு படகு தேடிப் போனது. தீனாவின் ஃபைபர் படகு மறுநாள் காலை, சுண்ணாம்புக்குளம் பக்கம், ஏரிக்குள், கவிழ்ந்தபடி ஒதுங்கிக் கிடந்தது. முகத்துவாரத்து மணல்திட்டில் இடித்துப் புரண்டிருக்க வேண்டும் என்றார்கள். வலை அதில் சுற்றியிருந்தது. தீனா கிடைக்கவில்லை. போனை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பான். அதுவும் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள், உடம்பு இல்லாமலேயே காரியம் முடிந்தது.

இருங்கள்... யாரோ மாடிப்படியில்... இல்லை. காற்று.

காரியம் முடிந்த மறுநாள் காலை இருசம்மாள் ஜெகாவிடம் வந்து நின்றாள்.

"அந்த மணிய சரி பண்ணுடா."

"இனிமே எதுக்கும்மா?"

"உங்க நைனா திரும்பவும் கடலுக்குப் போவாரு இல்ல? அவருக்கு அடிக்கட்டும்."

அவனுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கார்டு இன்னும் பையிலேயே இருந்தது, பிரிக்காமல். எடுத்து மாட்டினான். பிரிட்ஜ் ஏறவில்லை. எனக்கு போன் செய்தான். தம்பி போனதற்கு அப்புறம் அவன் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

துக்கம் விசாரிக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைத்தான் பேசினேன். கார்டு மாறினால் அதன் பெயரும் மாறும், பழைய பெயரையே பிரிட்ஜில் எழுதி வைத்திருப்பாய், பார் என்றேன். பார்த்தான். அதேதான். மாற்றினான். சர்வருக்கு உடனே முகவரி வந்தது.

"இன்னும் ஒரே ஒரு வரிதான்டா," என்றான். "அந்த ஐம்பத்தொண்ண உள்பக்கமா திருப்பி வச்சேன் இல்ல, அத்த எடுத்து பிரிட்ஜ்ல வுடணும். அதுக்கு முன்னாடி ஒருக்கா கேட்டுப் பாத்துட்றேன்."

கேட்பது என்றால், கம்பியில் என்ன போகிறது வருகிறது என்று ஒட்டுக்கேட்கிற ஒரு நிரல் உண்டு. எதையும் தொடாது. கேட்டதை வரி வரியாகத் திரையில் எழுதிக் காட்டும். அதை ஓடவிட்டான். நான் லைனிலேயே இருந்தேன்.

அவன் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"ஜெகா?"

"...டேய். மணி இன்னா இப்போ?"

"பன்னிரண்டே முக்கால்."

"முப்பத்தேழு கேக்குதுடா."

எனக்குப் புரியவில்லை. திரையைப் படம் பிடித்து அனுப்பினான். ஒரே வரி. நொடிக்கு ஒரு தடவை அதே வரி. ஒரு மெஷின் இன்னொன்றைத் தேடும்போது தெருவில் நின்று கூவுகிற மாதிரி ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். தமிழில் சொன்னால்...

ஐம்பத்தொன்று யார்? முப்பத்தேழுக்குச் சொல்.

ஐம்பத்தொன்று யார்? முப்பத்தேழுக்குச் சொல்.

முப்பத்தேழு தீனாவின் போன். ஜெகாவே அந்த எண்ணை அதற்கென்று ஒதுக்கியிருந்தான். வேறு எந்தப் போனுக்கும் அது போகாது. வேறு யாராவது அந்த எண்ணைத் திருடியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். போனின் உள் எண், கம்பெனியில் செய்யும்போதே பதிக்கிற எண், அதைப் பார் என்றேன். அவன் ஏற்கனவே பார்த்துவிட்டான். தீனாவின் போன் வாங்கிய அட்டைப்பெட்டி அவன் மடியில் இருந்தது, அதில் அச்சடித்திருந்த எண்ணும் அதேதான்.

ஒன்று இருபத்திரண்டு வரை அந்த வரி ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

அப்புறம் ஜெகா ஒரு காரியம் செய்தான். செய்திருக்க வேண்டாம் என்று நான் நினைப்பது உண்டு. ரவுட்டரில் பழைய பதிவைத் திறந்தான். எந்த போன் எப்போது வந்தது, எப்போது போனது என்று அது எழுதி வைத்திருக்கும். தீனா போன அன்றைய தேதிக்குப் போனான்.

முப்பத்தேழு, வந்தது: பன்னிரண்டு நாற்பத்தொன்று. போனது: ஒன்று இருபத்திரண்டு.

கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில், கழுத்தில் தொங்குகிற போனில் அந்த ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். நாற்பத்தொரு நிமிஷம். அவன் கிடந்த இடத்திலிருந்து மொட்டை மாடிக் கம்பம் தெரிந்திருக்கும். மணி அடித்திருந்தால் இருசம்மாள் கூடையோடு கரைக்கு ஓடியிருப்பாள். பார்த்திருப்பாள். கத்தியிருப்பாள்.

அந்த நாற்பத்தொரு நிமிஷத்தில் பத்து, நுங்குக்கு. பன்னிரண்டு, சோற்றுக்கு.

"ஃபோன வச்சுடு," என்றான் ஜெகா. வைத்தேன்.

அந்த ஒரு வரியை அவன் மாற்றவில்லை. நான்கு நாள் அப்படியே விட்டான். தினமும் பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குத் திரை முன் உட்காருவான். முப்பத்தேழு கேட்கும். ஒன்று இருபத்திரண்டு வரை கேட்கும். இவன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஐந்தாம் நாள் இருசம்மாள் பின்னால் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"இன்னாத்துக்கு அழுற?"

அவன் திரும்பினான். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அம்மா... அன்னிக்கு தீனா கூப்ட்டான்மா."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாப்பத்தோரு நிமிசம் கூப்ட்டுகினே இருந்திருக்கான். மணிய கயட்டி வச்சிட்டு நான் கார்டு வாங்கப் போய்ட்டேன். வந்தப்புறமும் குந்திகினு சோறு துன்னேன்மா. அப்பகூட அவன் கூப்ட்டுகினுதான் இருந்தான்."

இருசம்மாள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவன் தலையைத் தன் தோளுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நானுந்தான்டா இங்க இருந்தேன். உனக்கு சோறு போட்டுகினு."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த துளசிங்கம் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

திரையில் வரி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதையே பார்த்தாள்.

"இது அவந்தானா?"

"ஆமா."

"இப்ப கூப்புட்றானா?"

"டெய்லி கூப்புட்றான்மா. இதே நேரத்துக்கு."

"அப்ப தொறந்து வுடேன்டா. இன்னாத்துக்கு புள்ளைய வெளிய நிக்க வச்சிகினு கீற?"

துளசிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாணாம் இருசா. போனவன் போய் சேரட்டும்."

"எங்க போய் சேர்றது? எங்கியும் போவாமதான கேட்டுகினு கீறான். பதிலு சொன்னாதான போவான்?" அவள் அவரைப் பார்த்துத் திரும்பினாள். "உனக்குக் காச்சலு. இவனுக்குப் பசி. எனக்கு அடுப்பு. ஆளாளுக்கு ஒண்ணு இருந்துச்சி. அவனுக்கு நாமதான இருந்தோம்?"

துளசிங்கம் கதவை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

ஜெகா அந்த ஒரு வரியை மாற்றினான். ஐம்பத்தொன்றை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டான். அதற்குள் ஒன்றரை ஆகிவிட்டது. அன்றைய நேரம் முடிந்துபோயிருந்தது.

மறுநாள் மூன்று பேரும் காலையிலிருந்தே சாப்பிடவில்லை. பன்னிரண்டரைக்கு இருசம்மாள் கூடையை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மாட்டுத் துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கருவாடு காய்கிற வாடை தெரு முழுக்க.

பன்னிரண்டு நாற்பத்தொன்று.

ஐம்பத்தொன்று யார்? முப்பத்தேழுக்குச் சொல்.

இந்த முறை பதில் போனது. ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு கேள்வி நின்றுவிட்டது.

ஒரு நொடி... இரண்டு நொடி...

குருவி கத்தியது.

இருசம்மாள் ஓடினாள். அறுபது வயதுக்காரி, செருப்பில்லாமல், கொதிக்கிற மணலில். ஜெகா பின்னால் ஓடினான். கரையில் யாரும் இல்லை. படகும் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவள் நிற்கவில்லை, முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். கூடையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள், படகிலிருந்து மீன் கொட்டும்போது நிற்கிற மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.

கூடை காலி. ஜெகா பார்த்தான், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் நடந்தது காலிக் கூடைக்காரி நடை இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடி அடியாக வைத்து நடந்தாள். மணலில் அவள் கால் ஆழமாகப் புதைந்து புதைந்து எழுந்தது. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. வீடு வரைக்கும் அது நிற்கவில்லை.

"ஒரு கை புடிடா," என்றாள் வாசலில்.

ஜெகா கூடையைப் பிடித்து இறக்கினான். அவன் கை இரண்டும் சடக்கென்று கீழே போனது. துளசிங்கமும் வந்து பிடித்தார். இரண்டு ஆண்கள் சேர்ந்து, ஒரு காலிக் கூடையை, மெதுவாகத் தரையில் வைத்தார்கள். துளசிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். அப்போதுதான் அவர் முதல் தடவையாக அழுதார்.

அன்று இரவு இருசம்மாள் தூங்கினாள். இருபத்திரண்டு நாளுக்கு அப்புறம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் ஜெகா சர்வரை நிறுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தான். அதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். பன்னிரண்டு நாற்பத்தொன்று வந்தது. முப்பத்தேழு கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தான். பத்து நிமிஷம். இல்லை. ஜெகா பெருமூச்சு விட்டு, நிறுத்துகிற கட்டளையை அடித்தான். கடைசி விசையை அமுக்குவதற்குள்...

குருவி கத்தியது.

திரையைப் பார்த்தான். வேறு எண். அவன் யாருக்கும் ஒதுக்காத எண். ரவுட்டரில் போய்ப் பார்த்தால், அந்த போனுக்கு அதன் சொந்தக்காரர் வைத்த பெயர் அங்கே இருந்தது. பொன்னுரங்கம்.

"நைனா, பொன்னுரங்கம்னு நம்ம பக்கம் யார்னா கீறாங்களா?"

துளசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "இருந்தான். பக்கத்து குப்பம். போன வருசம் ஐப்பசி மழையில முகத்துவாரத்துல போய்ட்டான். ஏன்?"

ஜெகா எழுந்தான். பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினான். இருசம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்ததுமே அவள் அடுக்களையிலிருந்து வந்துவிட்டிருந்தாள்.

"வுடு. அவங்கம்மா போன தை மாசம் செத்துட்டா. அவனுக்கு யாரு போவா?"

சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தாள்.

போன மாதம் நான் அங்கே போனேன். ஜெகா இளைத்திருந்தான். ஆனால் அமைதியாக இருந்தான். சர்வருக்குப் புதிதாக இரண்டு பேட்டரி வாங்கி வைத்திருந்தான், கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க. கேபிள் மாட்டுகிற இடத்தில் துரு பிடிக்காமல் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பதாகச் சொன்னான். துளசிங்கம் கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். வாசலில் உட்கார்ந்து பிறருக்கு வலை சரிசெய்து கொடுக்கிறார்.

இருசம்மாள் எனக்கு இறால் குழம்பு ஊற்றினாள். "நல்லா துன்னு கண்ணு. ஆறிப்போவப் போவுது," என்றாள். சிரித்த முகம். நான் எதிர்பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு எண் கேட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவது. நான்காவது. குருவி நான்கு தடவை கத்தியது. இருசம்மாள் கையைக் கழுவிக்கொண்டு, சும்மாட்டைச் சுற்றி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தினமும் சந்தைக்குப் போகிறவள் மாதிரி.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் படியேறும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"கொஞ்சம் வழி வுடு கண்ணு. பின்னால வராங்கோ."

அவளுக்குப் பின்னால் தெரு வெறிச்சென்று கிடந்தது. ஜெகா என் தோளைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான். நல்ல வெயில். என் நிழல்கூட காலடியில்தான் இருந்தது. இருசம்மாள் உள்ளே போனாள். ஏரிச் சேற்றின் வாடை ஒன்று முகத்துக்கு நேராக வந்து, என்னைக் கடந்து, உள்ளே போனது. ஜில்லென்று இருந்தது. ஒன்று.

கொஞ்சம் இடைவெளி. இரண்டு.

மூன்று.

நான்கு.

திரையில் பார்த்தது நான்குதான். முடிந்தது என்று சுவரை விட்டு நகரப் பார்த்தேன். ஜெகா கையை எடுக்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில், மெதுவாகச் சொன்னான்:

"இருடா. போன் இல்லாத காலத்துல போனவங்க இன்னும் வரணும்."

அவன் என் தோளிலிருந்து கையை எடுத்தபோது மணி நாலரை.